ஃப்ளெக்ஸில் வந்த ஏழு முகம்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மூன்றாம் நாள் காலையில், எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் பள்ளிக்கூடத்தார் கட்டிவைத்த ஃப்ளெக்ஸில் இருந்து முதல் மூன்று இடம் வாங்கிய பிள்ளைகளின் முகங்கள் போய்விட்டிருந்தன, அவை இருந்த இடத்தில் ஃபெயிலான ஏழு பிள்ளைகளின் முகங்கள் வந்திருந்தன, அந்த ஏழில் நான்காவது முகம் என் மகள் தாரணியுடையது. முதல் பஸ்ஸுக்கு நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு பஸ் ஏறிப் போனார்கள். பேக்கரிக்காரர் தண்ணீர் தெளித்துக்கொண்டே பார்த்தார். தறிக்குப் போகிற பெண்கள் சோற்றுத் தூக்குப்போசியோடு நின்று பார்த்து, "மயிலாத்தா பிள்ளை போட்டோல நல்லாத்தான் இருக்கறா" என்று சொல்லிக்கொண்டே நடந்தார்கள்.

நான் மயிலாத்தா, ஏழாவதோடு நின்றவள். எனக்கு ஃப்ளெக்ஸ் வாசிக்கத் தெரியும், பஸ் போர்டு வாசிக்கத் தெரியும், அரிசி மூட்டையில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியும். அந்தப் பள்ளிக்கூடத்து விடுதி மெஸ்ஸில்தான் பதினோரு வருஷமாக வேலை செய்கிறேன். என் வீட்டுக்காரர் லாரியில் வடக்கே போகிறவர், மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருப்பார். தாரணி எங்களுக்கு ஒரே பிள்ளை. அவள் என்னைப் போல் ஆகிவிடக்கூடாது என்ற ஒரே நினைப்பில் பதினாறு வருஷம் சோறு உள்ளே இறங்காமல் இருந்தவள் நான், அதைச் சொல்லிவிட்டால் மற்றதை நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

அந்த ஏழு பிள்ளைகள் ஃபெயிலானது ஊருக்குத் தெரியாமலே போயிருக்க வேண்டியது. எங்கள் பள்ளிக்கூடம் பத்து வருஷமாக நூற்றுக்கு நூறு தேர்ச்சி. அது எப்படி என்றால், ஒன்பதாவது முடியும்போது யார் யார் தேறமாட்டார்கள் என்று கணக்கு சார் விஸ்வநாதன் ஒரு பட்டியல் போடுவார், அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள், அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் அதே யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு அதே வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரலாம், ஆனால் பரீட்சையைத் தனித்தேர்வர் என்று வேறு ஊரில் போய் எழுத வேண்டும். தேறினால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, தேறாவிட்டால் யாரோ. நானும் கையெழுத்துப் போட்டேன். சார் பேனாவின் மூடியைத் திறந்து கொடுத்தார், மரியாதையாகத்தான் கொடுத்தார்.

அப்படி யாரோவாகப் போன ஏழு பேரும்தான் இப்போது ஆளுயர முகத்தோடு பஸ் ஸ்டாப்பில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகத்துக்கும் கீழே, மார்க் இருக்க வேண்டிய இடத்தில், மார்க் இல்லாமல் ஒரு வரி இருந்தது. கோகுலுக்குக் கீழே, "எந்த இலை ஆகாதென்று ஆட்டுக்கு முன்பே அறிந்து தட்டிவிடுவான்" என்று இருந்தது. தினகருக்குக் கீழே, "மோட்டார் ஓடும் சத்தத்தில் பேரிங் போகப்போவதைக் கேட்டு எண்ணெய் விடுவான்" என்று இருந்தது. ரம்யாவுக்குக் கீழே ஏதோ வழியைப் பற்றி. என் மகளுக்குக் கீழே இருந்ததை நான் மூன்று தரம் வாசித்தேன்.

"அழப்போகிறவரை முன்பே அறிந்து அருகில் போய் உட்கார்வாள்."

அது உண்மைதான். மெஸ்ஸில் காலையில் எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து வெங்காயம் அரிவோம், இரண்டு மூட்டை அரிந்து முடிக்கும்வரை எட்டுப் பேர் கண்ணிலும் தண்ணீர் ஊற்றும், முந்தானை நனைந்துபோகும், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்து கேலி பேசுவோம். தாரணி ஸ்கூல் பெல்லுக்கு முன்னால் தலைபின்னிக்கொள்ள என்னிடம் வருவாள். வந்தவள் சில நாள் என்னிடம் வராமல், நேரே போய் எட்டுப் பேரில் ஒருத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையில் இருந்து கத்தியை வாங்கிக்கொள்வாள். ஒன்றும் கேட்கமாட்டாள். அந்த ஒருத்திதான் அன்றைக்கு வெங்காயத்தால் அல்லாமல் அழப்போகிறவளாக இருப்பாள். தலைமைச் சமையல் ரங்கநாயகி அக்கா, வாய்க்கு அஞ்சாதவர், ஒருநாள் அப்படிக் கத்தியைக் கொடுத்துவிட்டு, "உன்ற பிள்ளைகிட்ட மூஞ்சியைக் காட்டவே பயமா இருக்குது மயிலா, ஸ்கேன் எடுக்கறா" என்று சொல்லி, சொல்லி முடிப்பதற்குள் ஓவென்று அழுதார். அவர் மகன் வேறு வீடு பார்த்துப் போன வாரம் அது. சில நாள் அவள் வந்து உட்காரும் இடம் என் பக்கமாக இருக்கும். அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. "இதெல்லாம் பார்க்கற நேரத்துல ஒரு வாய்ப்பாடு படிச்சிருக்கலாம்" என்றுதான் அவளைத் திட்டியிருக்கிறேன்.

முதல் இடம் வாங்கிய பையன் கீர்த்திவாசன். அவன் அம்மா ஸ்கூட்டியை நிறுத்தி ஃப்ளெக்ஸைப் பார்த்தவர், நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனார். கரஸ்பாண்டென்ட் தங்கராசு அய்யா அரை மணி நேரத்தில் ஆள் விட்டு ஃப்ளெக்ஸை அவிழ்க்கச் சொன்னார். புதிதாக அடித்துக் கட்டினார்கள். கட்டி, கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டு, ஆள் ஏணியில் இருந்து இறங்கித் திரும்பிப் பார்த்தால் அதே ஏழு முகம். மூன்றாவதாக ஒன்று அடித்தார்கள். ஃப்ளெக்ஸ் அடிக்கிற மணிவேல் கோயிலில் சத்தியம் செய்யவும் தயாராக இருந்தான். "மெஷின்ல இருந்து வர்றப்ப கீர்த்திவாசன்தானுங்க இருந்தான், சுருட்டி டெம்போல வெச்சேன், வழியில எறங்கிப் போயிட்டான்னா நான் என்னங்க பண்றது?"

என் வீட்டுக்காரருக்கு போன் செய்தேன். அவர் நாக்பூர் தாண்டி எங்கோ இருந்தார்.

"ஃபெயிலானவங்க போட்டோவை எதுக்குப் போட்டாங்க?" என்றார்.

"போடலைங்க, வந்துருச்சு."

"செலவு நம்ம தலையில விழுமா?"

"இல்லைங்க."

"அப்ப இருந்துட்டுப் போகுது" என்று வைத்துவிட்டார்.

ஊரும் அப்படித்தான் சொன்னது. மழை வந்தால் குடை, முகம் மாறினால் மாறிய முகம். ஒரு வாரத்தில் கண்டக்டர்கள் அந்த ஸ்டாப்பை "மூஞ்சி ஸ்டாப்" என்று கூப்பிட்டார்கள். மோட்டார் கெட்டுப்போனவர்கள் தினகர் வீட்டைக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஆடு வைத்திருந்தவர்கள் கோகுலைக் கூப்பிட்டுப் போனார்கள். ஒரு கிழவர் கொடுமுடியில் இருந்து வந்து எங்கள் வாசலில் நின்று, "அழற பிள்ளை இந்த வீடுதானே?" என்று கேட்டார். "என் பிள்ளை அழாதுங்க, அழறவங்களைப் பார்க்கும்" என்றேன். "நான் அழணுமுங்க, ஏழு மாசமா வரமாட்டேங்குது" என்றார். தாரணி வெளியே வந்து அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். அவர் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு சீப்பு பூவன் பழத்தை வைத்துவிட்டு பஸ் ஏறினார்.

பிறகு அம்மாக்கள் வர ஆரம்பித்தார்கள். தங்கள் பிள்ளைகளின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை ஃப்ளெக்ஸின் கீழ்ச்சட்டத்தில் பசை தடவி ஒட்டிவிட்டுப் போவார்கள், மறுநாள் காலையில் சில போட்டோவுக்குக் கீழே ஒரு வரி இருக்கும், சிலதுக்கு இருக்காது, வரி வராத பிள்ளைகளின் அம்மாக்கள் வேறு போட்டோ எடுத்துவந்து ஒட்டுவார்கள், சட்டை மாற்றி எடுப்பார்கள், திருநீறு வைத்து எடுப்பார்கள். கீர்த்திவாசனின் அம்மாவும் ஒட்டினார். அவர் துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு வந்து ஒட்டியதை நான் பார்த்தேன், நான் பார்த்ததை அவரும் பார்த்தார். மூன்று நாள் ஒன்றும் வரவில்லை. நான்காம் நாள், "தூங்காமல் இருக்கக் கற்றவன்" என்று வந்தது. அதை வாசித்ததும் நான் போட்டோவில் அந்தப் பையனின் கண்ணைப் பார்த்தேன். அந்த அம்மாவோ நிமிர்ந்து, பக்கத்தில் நின்ற என்னிடம், "பாருங்க, அதனாலதான் நானூத்தித் தொண்ணூத்தி ஆறு" என்றார்.

இதுவரைக்கும் நடந்ததில் யாருக்கும் கெடுதல் இல்லை. இதற்குமேல் நடந்ததற்கு நான்தான் காரணம், இதை நான் ஒருவரிடமும் மறுத்ததில்லை.

ஜூன் முதல் வாரம் தங்கராசு அய்யா ஏழு பிள்ளைகளின் வீட்டாரையும் ஃப்ளெக்ஸின் முன்னால் வரச் சொன்னார். வெள்ளை வேட்டி, கையில் செல்போன், முகத்தில் ஒரு சமாதானம். "நம்ம பள்ளிக்கூடம் ஒரு பிள்ளையையும் கைவிட்டதில்லை. இந்த ஏழு பேரையும் நம்ம பிள்ளைகளாகவே ஏத்துக்கறோம்" என்றார். எல்லோரும் கும்பிட்டோம். அவர் அத்தோடு போயிருப்பார். காருக்குத் திரும்பி இரண்டு எட்டு வைத்தும்விட்டார். எனக்குத்தான் அவரைப் போகவிட மனசு வரவில்லை. வரி வந்துவிட்டது சரி, ஊர் மெச்சுகிறது சரி, பூவன் பழம் வருகிறது சரி, நாளைக்கு என் பிள்ளை ஒரு ஆபீஸில் போய் நின்றால் அந்த வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வாள், அதை எந்தக் கட்டத்தில் எழுதுவாள் என்று அந்த ஒரு வாரமாக ஒரே கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. அதனால் கேட்டேன்.

"இதுக்கு எத்தனை மார்க்குங்க அய்யா?"

அவர் திரும்பினார். விஸ்வநாதன் சார் திரும்பினார். மற்ற ஆறு பிள்ளைகளின் அம்மாக்களும் என்னைப் பார்த்தார்கள், அந்தக் கேள்வி தங்களையும் குடைந்துகொண்டிருந்தது அவர்கள் முகத்தில் தெரிந்தது.

"அதானே சார், நூத்துக்கு எத்தனை?" என்றாள் கோகுலின் அம்மா.

தங்கராசு அய்யா ஃப்ளெக்ஸை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் நிமிர்ந்து பார்த்தார். "நல்ல கேள்வி" என்றார்.

பதினைந்து நாளில் விடுதிக்குப் பின்னால் இருந்த சைக்கிள் ஷெட்டை அடைத்து, ஃபேன் போட்டு, தனித்திறன் பிளாக் என்று பெயர் எழுதினார்கள். ஏழு பிள்ளைகளையும் துணைத்தேர்வுக்குப் படிக்க வைப்பார்கள், தேறியவர்களை ப்ளஸ் ஒன்னில் சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் அவரவர் வரியில் சனிக்கிழமைதோறும் ஒரு பரீட்சை உண்டு, தொடர்ந்து மூன்று சனிக்கிழமை தொண்ணூறுக்கு மேல் எடுத்தவர்களுக்குத்தான் சீட். வெளியூர்ப் பிள்ளைகள் நாற்பது பேர் அதில் சேர வந்துவிட்டார்கள். வரி வராத பிள்ளைகளுக்கு வரி வரவைக்க ஒரு தனி டியூஷனும் தொடங்கியது.

பரீட்சை வைக்கிறவர் விஸ்வநாதன் சார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல என் நாக்கு வராது. ஒரு மார்க் கூடப் போட்டாலும் குறைத்துப் போட்டாலும் தூக்கம் வராத மனுஷர். விடை சரியா தப்பா என்று கண்ணால் பார்க்காமல் அவர் சிவப்பு மையைத் தொடமாட்டார். அதுதான் வினையாகப் போயிற்று.

கோகுலுக்கு ஐந்து இலையை வரிசையாக வைத்தார்கள். எது ஆகாது என்று கேட்டார்கள். அவன் மூன்றாவதைத் தொட்டான், தொட்டு, பழக்கத்தில் அதைத் தட்டிக் கீழே தள்ளினான். சார் அதை எடுத்துத் திரும்ப வைத்தார். "நீ சொன்னது சரின்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றார். அவன் வீட்டு ஆட்டைக் கொண்டுவந்து அந்த இலையைத் தின்னக் கொடுத்தார்கள். சாயங்காலம் ஆட்டின் வயிறு உப்பியது, கோகுலுக்கு நூறு போட்டார், கோகுல் அந்த நூறை வாங்கிக்கொண்டு ஆட்டைப் புதைக்கப் போனான். தினகர் விடுதி மோட்டாரில் காதை வைத்துக் கேட்டு, "பேரிங் போகப்போகுதுங்க சார்" என்று எண்ணெய்க் கேனை எடுத்தான். கேனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எட்டாம் நாள் மோட்டார் எரிந்தது, விடுதியில் இரண்டு நாள் குளிக்கத் தண்ணீர் இல்லை, தினகருக்குத் தொண்ணூற்று எட்டு. நாளைச் சரியாகச் சொல்லாததற்கு இரண்டு குறைத்திருந்தார்.

ஊர் இதிலும் ஒன்றும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. "பரீட்சைன்னா அப்படித்தான்" என்றார்கள்.

தாரணிக்கு விடுதிப் பிள்ளைகளில் இருபது பேரைப் பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்தார்கள். எல்லாம் ஆறாவது ஏழாவது படிக்கிற பிஞ்சுகள், சனிக்கிழமை வீட்டுக்குப் போக முடியாதவர்கள். யார் அழப்போகிறார்கள் என்று தாரணி ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும், ஒரு மணி நேரத்தில் அந்தப் பிள்ளை அழுதால் விடை சரி. மெஸ் ஜன்னலில் இருந்து எனக்கு அந்த ஷெட் தெரியும். சாம்பாரைக் கிண்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வரிசையை ஒரு தரம் பார்த்தாள். சீட்டில் ஒரு பெயரை எழுதினாள். எழுதியதை சாரிடம் கொடுத்துவிட்டு, நேரே போய் அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் அவள் துப்பட்டா நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டே ஏதோ பேசினான், அப்புறம் சிரித்தான். ஒரு மணி நேரம் ஆயிற்று. அவன் அழவில்லை.

சார் சிவப்பு மையில் பூஜ்யம் போட்டார்.

அடுத்த சனிக்கிழமையும் பூஜ்யம். அதற்கு அடுத்ததும். அவள் பெயர் எழுதுகிற பிள்ளை ஒன்றுகூட அழவில்லை. மற்ற அம்மாக்கள் என்னைப் பார்த்துப் பாவம் என்றார்கள். "ஃப்ளெக்ஸே தப்பா போட்டிருச்சோ என்னமோ" என்றாள் கோகுலின் அம்மா. அவள் மகனுக்கு அதற்குள் மூன்று நூறு, வீட்டில் மூன்று ஆடு குறைவு.

சார் என்னை மெஸ் வாசலில் நிறுத்தினார். "உங்க பொண்ணுக்குத் தெரியுதும்மா, எனக்கும் அது தெரியுது. ஆனா அவ போய் உட்கார்ந்துட்டா விடை அழிஞ்சுபோயிடுது. எழுதிக் கொடுத்துட்டு சும்மா இருக்கச் சொல்லுங்க. நான் மனசறிஞ்சு பொய் மார்க் போட முடியாது."

அவர் கண் கலங்கியிருந்தது. அவருக்குப் பக்கத்தில் உட்கார யாரும் இல்லை.

அன்று சாயங்காலம் தாரணி தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நான் ஆரம்பித்தேன்.

"ஏங்கண்ணு, எழுதிக் குடுத்துட்டு சித்த நேரம் சும்மா உக்காந்திருந்தா என்ன?"

"அழுவாங்கம்மா."

"அழட்டும். குழந்தைங்க அழறதுதான். நீ போய் உக்காரலைன்னா உலகம் முழுகிப் போயிருமா?"

"தெரிஞ்சுட்டு எப்படிம்மா சும்மா இருக்கறது?"

"எல்லாரும் இருக்கறாங்க இல்ல?"

அவள் சோற்றைப் பிசைந்தாள். எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரம் அவள் மேல் வந்ததல்ல. ஏழாவதில் பெரிய மனுஷியானதும் என்னை நிறுத்திவிட்ட என் வீட்டார் மேலும், அன்றைக்கு எனக்குப் பக்கத்தில் வந்து உட்காராத அத்தனை பேர் மேலும் வந்தது, ஆனால் எதிரில் இருந்தது அவள். "நானெல்லாம் கரண்டி பிடிச்சு கையில காப்புக் காய்ச்சது போதாதா? நீயும் எட்டுப் பேரோட ஒம்போதாவதா உக்காந்து வெங்காயம் அரியப் போறயா? உனக்கு மார்க் வேணுமா வேண்டாமா?" என்று கேட்டேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வந்த அழுகையைப் பிடித்துக்கொண்டு நான் என் கையை உருவினேன். "இதைத்தான் செய்யாதங்கறேன்" என்றேன்.

அவள் எழுந்து போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். "சரிங்கம்மா" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் எழுதிய பெயர் சுபிக்‌ஷா. ஆறாவது படிக்கிற பிள்ளை, கரூர்ப் பக்கம், இரட்டைச் சடை, மெஸ்ஸில் தயிர்ச்சாதம் மட்டும் இரண்டாந்தரம் கேட்கும். தாரணி சீட்டைக் கொடுத்துவிட்டு எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். நான் ஜன்னலில் நின்றேன். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது, ரங்கநாயகி அக்கா வந்து அணைத்தார், "என்னத்த அப்படிப் பார்க்கற?" என்று அவரும் பார்த்தார். அந்தக் குழந்தை தாரணியைப் பார்த்துச் சிரித்தது. முந்தின வாரங்களில் பக்கத்துப் பிள்ளைகளிடம் தாரணி அக்கா வந்து உட்கார்வதைப் பார்த்திருக்கிறது, தன்னிடமும் வருவாள் என்று கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது. விட்ட இடத்தைப் பார்த்தது. தாரணியைப் பார்த்தது. மறுபடி இடத்தைப் பார்த்தது. பிறகு அழுதது. சத்தமில்லாமல் தொடங்கி, வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்த முடியாமல். ஒரு மணி நேரத்தில் பதினேழு நிமிஷம் பாக்கி இருந்தது. சார் வாட்ச்சைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

"இதென்னடி பரீட்சை" என்று ரங்கநாயகி அக்கா என் காதுக்குப் பக்கத்தில் சொன்னார். நூறு என்று சார் எழுதுகிற கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த சனிக்கிழமையும் நூறு. அதற்கும் அடுத்ததும் நூறு. பெயர் எழுதும் சீட்டில் அவள் இப்போது அழப்போகும் நிமிஷத்தையும் எழுதினாள், கேட்காமலே எழுதினாள், அது ஒன்றிரண்டுக்கு மேல் பிசகவில்லை. தங்கராசு அய்யா வெளியூர் ஆட்களைக் கூட்டிவந்து காட்டினார். துணைத்தேர்வில் கணக்கில் முப்பத்தாறு, இங்கிலீஷில் நாற்பத்தொன்று, மற்றதில் முன்பே அறுபதுக்கு மேல், ப்ளஸ் ஒன் சேர்ந்தாகிவிட்டது. என் வீட்டுக்காரர் வந்து மெஸ்ஸுக்கே லட்டு வாங்கிக் கொடுத்தார். சுபிக்‌ஷாவின் அப்பா வந்து பெட்டியையும் பிள்ளையையும் எடுத்துக்கொண்டு போனது அதே நாள்தான், லட்டை அவர் கையிலும் வைத்தேன், எதற்கென்று கேட்காமல் வாயில் போட்டுக்கொண்டார். குழந்தை தயிர்ச்சாதத்தைக்கூட ஒரு மாதமாக இரண்டாந்தரம் கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், பரிமாறினவள் நான்.

ஃப்ளெக்ஸை நான்தான் முதலில் கவனித்தேன். ஊர் அதற்குள் அதை வாசிப்பதை விட்டுவிட்டிருந்தது. ஆகஸ்டில் ஒருநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது நிமிர்ந்து பார்த்தால், என் மகள் முகம் அப்படியே இருக்கிறது, வரியில் மட்டும் பாதியைக் காணவில்லை. "அழப்போகிறவரை முன்பே அறிவாள்" என்று இருந்தது. அதற்கு மேல் வெள்ளை. கோகுலுக்கு, "எந்த இலை ஆகாதென்று ஆட்டுக்கு முன்பே அறிவான்." தினகருக்கு, "மோட்டார் ஓடும் சத்தத்தில் பேரிங் போகப்போவதைக் கேட்பான்." நான் பக்கத்தில் நின்ற விஸ்வநாதன் சாரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். "சரியாத்தானே இருக்கு" என்றார், "பரீட்சையில கேட்டது இவ்வளவுதான்."

காலாண்டுப் பரீட்சை ஃப்ளெக்ஸ் வந்ததும் பழையதை அவிழ்த்தார்கள். புதியதில் முகம் எதுவும் மாறவில்லை, கட்டினபடியே இருந்தது, அதன் கீழ்மூலையில் தனித்திறன் பிளாக் என்று போட்டு என் மகள் படமும் நூற்றுக்கு நூறும் இருந்தது. மணிவேல் நிம்மதியாக மூச்சு விட்டான். பழைய ஃப்ளெக்ஸ் நல்ல கனம், கிழியவில்லை, எங்கள் ஊரில் யாரும் ஃப்ளெக்ஸை வீணாக்கமாட்டார்கள், ஒன்று ஆட்டுப்பட்டிக் கூரைக்குப் போகும் அல்லது விறகை மூடப் போகும். வாட்ச்மேனிடம் சொல்லி நான் கேட்டு வாங்கி, ஒழுகிக்கொண்டிருந்த எங்கள் சமையல் கட்டுக்கு மேலே போட்டு நான்கு மூலையும் கட்டினேன். எழுத்து உள்பக்கம் வருகிறமாதிரி விழுந்துவிட்டது. திருப்பிப் போட ஆள் கிடைக்கவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. தாரணி சமையல் கட்டு வாசற்படியில் உட்கார்ந்து அக்கவுண்டன்சி படித்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே சின்ன வெங்காயம் உரித்து அரிந்துகொண்டிருந்தேன். மேலே வெயில் பட்டு ஏழு முகமும் சிவப்பாகத் தெரிந்தன. எனக்கு என்னவோ அந்தக் கரூர்க் குழந்தை நகர்ந்து இடம் விட்டது ஞாபகம் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, வழக்கம்போல முழங்கையால் துடைத்துக்கொண்டேன்.

அவள் தலை நிமிரவில்லை. விரலால் வரியைத் தொட்டபடியே இருந்தாள்.

"இப்ப வர்றது வெங்காயம்மா" என்றாள். "இன்னும் ரெண்டு நிமிஷத்துல நெசமாவே அழுவீங்க."

சுவரில் இருந்த கடிகாரத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். பக்கத்தைத் திருப்பினாள்.

நான் காத்திருந்தேன். எதற்குக் காத்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும், அது எனக்கும் தெரியும். வாசற்படிக்கும் எனக்கும் நடுவில் நான்கு அடி இருக்கும். இரண்டு நிமிஷமும் போயிற்று. அவள் சொன்னது சரியாக இருந்தது. கத்தி என் கையிலேயே இருந்தது.